பழைய சாகசம், புதிய தடை: அறிவியல் புனைகதையின் வழிநூல்கள்

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் ஒரே கதையை இரண்டு அலமாரிகளில் பார்க்கலாம். 'கிளாசிக்ஸ்' வரிசையில் செங்கல் கனத்துக்கு ஒன்று: அலெக்சாந்தர் டூமாவின் 'தி கவுண்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ'. நாலு எட்டு தள்ளி 'சயின்ஸ் ஃபிக்ஷன்' வரிசையில் ஒல்லியாக இன்னொன்று: ஆல்ஃபிரட் பெஸ்டரின் 'தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்'. முன்னது 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்தது. பின்னது 1956இல் வந்தது. இரண்டிலும் கப்பலில் வேலை பார்க்கும் சாதாரண ஆள் ஒருவனுக்குப் பெரிய அநியாயம் நடக்கிறது. தப்பவே முடியாத சிறையில் விழுகிறான். சிறைக்குள்ளேயே பாடம் சொல்லித்தர ஒருவர் கிடைக்கிறார். தப்பிக்கிறான், புதையலை எடுக்கிறான், வேறு பெயரில் பெரும் பணக்காரனாகத் திரும்பி வந்து கணக்குத் தீர்க்கிறான்.

அப்படியானால் பின்னது காப்பிதானே என்று கேட்கத் தோன்றும். தமிழ் இலக்கணம் இந்தக் கேள்வியை எப்போதோ கடந்துவிட்டது. நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிக்கிறது. 'முன்னோர் நூலின் முடிபுஒருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி அழியா மரபினது வழிநூல் ஆகும்' என்பது சூத்திரம். முன்னவர் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் பின்னால் வருகிறவர் தனக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்திருக்க வேண்டும். அந்த மாற்றத்துக்குப் பெயர் விகற்பம். பவணந்தி முனிவர் இதைக் கதைப் புத்தகங்களை மனத்தில் வைத்துச் சொல்லவில்லைதான். ஆனாலும் பழைய சாகசக் கதைகளை எடுத்து மறுபடி எழுதும் அறிவியல் நாவல்களைப் புரிந்துகொள்ள இதைவிடக் கச்சிதமான கருவி கிடைக்காது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விகற்பம் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது?

டூமா நமக்குப் புதியவர் இல்லை. 1940இல் வந்த 'உத்தமபுத்திரன்' அவருடைய இரும்பு முகமூடிக் கதை. 1949இல் ஜெமினி எடுத்த 'அபூர்வ சகோதரர்கள்' அவருடைய 'தி கார்சிகன் பிரதர்ஸ்'. இவை தழுவல்கள். பிரான்சின் அரண்மனை நம் ஊர் அரண்மனை ஆனது. ஆனால் குதிரை குதிரையாகவே இருந்தது, வாள் வாளாகவே இருந்தது, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக ஆன நேரமும் மாறவில்லை. அதனால் கதையின் எலும்பில் கைவைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. விண்வெளிக்குக் கொண்டுபோனால் இந்த வசதி கிடையாது. அங்கே குதிரையும் நிற்காது, காற்றும் இல்லை. பழைய கதையை நிமிர்த்தி வைத்திருந்த கம்பங்களில் பாதி விழுந்துவிடும்.

ஓலையை ஏன் ஆள் கொண்டுபோக வேண்டும்?

அந்தக் கம்பங்களைத் தடைகள் என்று சொல்லலாம். சாகசக் கதை நாயகனின் வீரத்தில் நிற்பதாகத் தோன்றும். உண்மையில் அது நிற்பது அவனால் செய்ய முடியாதவற்றின் மேல்தான். தீவிலிருந்து வெளியேற முடியாது. ஊரில் நடப்பது தெரியாது. உதவி கேட்க வழியில்லை. எதிரியின் முகம் தெரியாது. இதில் ஒன்றைத் தளர்த்தினாலும் நானூறு பக்கக் கதை நாலு பக்கத்தில் முடிந்துவிடும்.

நமக்குப் பழக்கமான ஒன்றை வைத்துப் பார்ப்போம். 'பொன்னியின் செல்வன்' தொடங்கும்போது வந்தியத்தேவன் ஆதித்த கரிகாலனின் ஓலைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காஞ்சியிலிருந்து வருகிறான். ஒன்று தஞ்சையில் சுந்தர சோழருக்கு, ஒன்று பழையாறையில் குந்தவைக்கு. இந்தப் பயணம் கதையாவதற்குக் காரணம், அந்தக் காலத்தில் செய்தியும் ஆளும் ஒரே வேகத்தில் போனார்கள் என்பது. குதிரை எவ்வளவு வேகமோ செய்தியும் அவ்வளவு வேகம். அதனால்தான் வழியில் கடம்பூர் மாளிகையில் தங்க வேண்டியிருக்கிறது, நள்ளிரவுக் கூட்டத்தை ஒட்டுக்கேட்க நேர்கிறது.

இதையே பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே வைத்துப் பாருங்கள். விண்கலத்தில் ஆள் போய்ச்சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். வானொலிச் செய்தி, இரண்டு கோள்களும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடத்தில் போய்விடும். வந்தியத்தேவனுக்கு வேலையே இல்லை. எழுத்தாளர் ஒன்று, ஓலையை வானொலியில் அனுப்ப முடியாத காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த 22 நிமிடத்தையே தடையாக மாற்ற வேண்டும்.

22 நிமிடம் தடையாகுமா என்று சந்தேகம் வந்தால் நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 2014 செப்டம்பர் 24 காலையில் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது சமிக்ஞை ஒரு வழி வந்துசேரவே சுமார் 12½ நிமிடம் ஆனது. என்ஜின் எரிந்ததோ ஏறத்தாழ 23 நிமிடம்தான். அதிலும் ஒரு பகுதி நேரம் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்திருந்தது. நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி பயலாலுவில் 32 மீட்டர் ஆன்டெனா காத்திருக்க, பீன்யாவின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களால் அந்த நேரத்தில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கட்டளைகளை முன்கூட்டியே ஏற்றிவைத்திருந்தார்கள். தப்பு நடந்திருந்தால்கூட நடந்து முடிந்த பிறகுதான் தெரிந்திருக்கும். கடலுக்குப் போன கப்பலுக்காகக் கரையில் காத்திருந்தவர்களின் நிலைமைதான் இது, கொஞ்சம் சுருங்கிய அளவில்.

நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகும் கதைகளில் எழுத்தாளர்கள் வேறொரு தந்திரம் செய்வார்கள். கப்பல் ஒளியைவிட வேகமாகப் போகும், ஆனால் வானொலி போகாது என்று விதி வைத்துவிடுவார்கள். உடனே செய்தியை மறுபடி ஆள்தான் கொண்டுபோக வேண்டும். ஒரே விதியில் குதிரைக் காலம் திரும்பி வந்துவிடுகிறது. இந்த வகை நாவலில் எங்காவது 'தூதுக் கப்பல்' என்ற சொல்லைப் பார்த்தால், பின்னால் ஒரு பழைய குதிரை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடலுக்குப் பதில் இருட்டு

பெஸ்டர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த வகை நாவல்களில் பாடப்புத்தகம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான்.

டூமாவின் நாயகன் எட்மண்ட் டான்டெஸ் அடைபட்ட ஷாத்தோ தீஃப், மார்செய் துறைமுகத்துக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் கோட்டை. அங்கே தடை கடல். பக்கத்து அறைக் கைதியான ஃபாரியா பாதிரியார் வெளிச்சுவரை நோக்கிச் சுரங்கம் தோண்டுகிறார், கணக்கு பிசகி டான்டெஸின் அறைக்குள் வந்து சேர்கிறார். அந்தப் பிசகுதான் டான்டெஸின் கல்வி. பாதிரியார் இறந்ததும் பிணப்பைக்குள் டான்டெஸ் புகுந்துகொள்ள, காவலர்கள் காலில் 36 பவுண்டு இரும்புக் குண்டைக் கட்டிக் கடலில் எறிகிறார்கள். தடையாக இருந்த அதே கடல் வழியாகவே தப்பிக்கிறான். உள்ளே இருந்தது 14 வருடம்.

பெஸ்டரின் உலகத்தில் மனிதர்கள் நினைத்த மாத்திரத்தில் இடம்விட்டு இடம் போகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதற்குப் பெயர் 'ஜாண்ட்'. எந்திரம் வேண்டாம், மனம் போதும். ஆனால் கறாரான விதிகள் உண்டு. ஒரே தாவலில் அதிகபட்சம் 1,000 மைல். கிளம்பும் இடம், சேரும் இடம் இரண்டும் மனத்தில் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். கோள் விட்டுக் கோள் தாவ முடியாது.

இந்த ஒரு விதி என்னென்ன செய்யும் என்று நம் ஊரை வைத்தே யோசிக்கலாம். 1,000 மைல் என்றால் சுமார் 1,600 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து திருநெல்வேலி ஒரே தாவல். மும்பையும் ஒரே தாவல். டெல்லி நேர்க்கோட்டிலேயே 1,700 கிலோமீட்டருக்கு மேல், அதனால் நடுவில் எங்காவது கால் ஊன்றிப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் ஆம்னி பஸ்ஸுக்காகப் பையோடு நிற்கும் கூட்டம் மறைந்துவிடும். பஸ் கம்பெனி மூடப்படும். நாகர்கோவிலில் படுத்துத் தூங்கி எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கலாம் என்றால் இங்கே ஒரு படுக்கையறை வீட்டுக்கு அவ்வளவு வாடகை யார் கொடுப்பார்கள்? இதுவரை நல்ல சேதி. ஆனால் உங்கள் வரவேற்பறையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போன எவனும் நள்ளிரவில் அங்கே வந்து நிற்கலாம். பூட்டுக்கு அர்த்தம் இல்லை.

பெஸ்டர் இந்தக் கோட்டில்தான் போகிறார். போக்குவரத்துத் தொழில் சரிந்ததில் கோள்களுக்கு இடையே போர் மூள்கிறது. திருடர்கள் பூமியைச் சுற்றி இரவோடு இரவாகத் தாவிக்கொண்டே இருக்கிறார்கள். தொற்றுநோய்களும் கூடவே தாவுகின்றன. வீட்டு வாசல்களைப் புதிர்ப்பாதைகளாகக் கட்டுகிறார்கள். பெண்களின் பாதுகாப்பு என்று சொல்லிப் பணக்காரக் குடும்பங்கள் அவர்களைப் பழையபடி பூட்டிவைக்கின்றன. பெரும்பணக்காரர்களுக்கோ ஜாண்ட் செய்வது கௌரவக் குறைச்சல். காரிலும் கோச்சு வண்டியிலும் வந்து இறங்குவதுதான் அந்தஸ்து.

இப்போது சிறைக்கு வருவோம். தாவத் தெரிந்தவனை எந்தத் தீவில் அடைத்து வைப்பது? கடல் அவனுக்குத் தடையே இல்லை. பெஸ்டரின் பதில்: இருட்டு. 'கூஃப்ர் மார்டெல்' என்ற சிறை பிரனீஸ் மலைக்கடியில் உள்ள குகைகளுக்குள் இருக்கிறது. உள்ளே துளி வெளிச்சம் கிடையாது. காவலர்கள் மட்டும் அகச்சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடப்பார்கள். கைதிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, கிளம்பும் இடம் தெரியாததால் தாவவும் முடியாது. மனம் உடைந்து கண்ணை மூடிக்கொண்டு தாவுகிறவர்களும் உண்டு. 'நீல ஜாண்ட்' என்று கைதிகள் அதைச் சொல்வார்கள். அவன் போய்ச்சேர்ந்தது பாறைக்குள் என்பதைத் தூரத்தில் கேட்கும் வெடிச்சத்தம் சொல்லும்.

சுரங்கத்துக்கும் இங்கே பதில் உண்டு. குகையின் ஏதோ ஒரு ஒலி விசித்திரத்தால் தொலைவில் உள்ள அறையின் கிசுகிசுப்பு நாயகன் கல்லி ஃபாயிலின் அறையில் கேட்கிறது. பேசுவது ஜிஸ்பெல்லா மெக்வீன் என்ற பெண். ஃபாரியா டான்டெஸுக்குக் கற்றுக்கொடுத்ததை இவள் ஃபாயிலுக்குக் குரலாலேயே கற்றுக்கொடுக்கிறாள். முடிபு ஒருங்கு ஒத்து இருக்கிறது. விகற்பமோ தடை இருந்த இடத்திலேயே விழுந்திருக்கிறது.

இன்னொரு மாற்றம் இதைவிட நுட்பமானது. டான்டெஸின் ஆயுதம் பொறுமை. முகத்தில் எதையும் காட்டாமல் வருடக்கணக்கில் வலை பின்னுவான். ஃபாயிலின் முகத்திலோ புலிமுகம் போலப் பச்சை குத்திவிடுகிறார்கள். பிற்பாடு அதை அகற்றினாலும் தோலுக்கடியில் தடம் தங்கிவிடுகிறது. கோபத்தில் ரத்தம் ஏறினால் புலி மறுபடி வெளியே வரும், ஆள் யாரென்று காட்டிக்கொடுத்துவிடும். ஆக, பழிவாங்க வந்தவன் கோபப்படக் கூடாது. டூமாவிடம் குணமாக இருந்த பொறுமை, பெஸ்டரிடம் உடம்பே விதித்த கட்டாயமாகிறது. டூமாவின் கவுண்ட்டுக்குத் தன் பழியின் நியாயத்தில் சந்தேகம் வர ஆயிரம் பக்கம் ஆகிறது, ஃபாயிலை அந்தக் கேள்வி கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்கிறது.

பார்லியும் உருளைக்கிழங்கும்

டேனியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ' வந்தது 1719இல். ஆண்டி வெயரின் 'தி மார்ஷியன்' 2011இல் எழுத்தாளரே வெளியிட்டு, 2014இல் பெரிய பதிப்பகம் வழியாக வந்தது. பெயரளவில் இது குரூசோவின் மறுபுனைவு என்று வெயர் சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் எலும்புக்கூடு அதேதான்: தனியாகச் சிக்கிய ஒருவன், கையில் இருக்கும் சாமான் பட்டியல், நாள் கணக்கு.

குரூசோ கரையேறிய பிறகு 13 நாளில் 11 தடவை உடைந்த கப்பலுக்குப் போய்ச் சாமான்களை இறக்குகிறான். பிறகு புயல் கப்பலைக் கொண்டுபோய்விடுகிறது. ஒரு நாள் கோழித்தீவனப் பையை உதறிய இடத்தில் பார்லி முளைத்திருப்பதைப் பார்த்து, கடவுள் தனக்காகவே அனுப்பியதாக உருகுகிறான். பையை உதறியது ஞாபகத்துக்கு வந்ததும் பக்தி ஒரு படி இறங்குகிறது. டீஃபோவின் குறும்பு அது.

வெயரின் மார்க் வாட்னி செவ்வாயில் தனியாகச் சிக்கிய விண்வெளி வீரன். அவனுக்கு முளைப்பது உருளைக்கிழங்கு. பண்டிகைச் சாப்பாட்டுக்காக அனுப்பிய கிழங்கு. அற்புதத்துக்கு இங்கே இடமே இல்லை, எல்லாம் கணக்கு. மண்ணுக்குத் தண்ணீர் வேண்டும். எரிபொருளான ஹைட்ரஸீனை இரிடியத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு ஹைட்ரஜனைப் பிரித்து, அதை ஆக்ஸிஜனோடு எரித்தால் தண்ணீர். இதில் எங்கே தப்பு நடக்கிறது என்பதுதான் படிக்க வேண்டிய இடம். குடிலுக்குள் ஹைட்ரஜன் ஏகமாகச் சேர்ந்துவிடுகிறது. வெடிக்காமல் எரிக்க வேண்டும் என்று காற்றிலிருந்து ஆக்ஸிஜனை அகற்றிவிட்டு, தனக்கு மட்டும் முகமூடியில் ஆக்ஸிஜன் எடுத்துக்கொண்டு வேலை செய்கிறான். தான் வெளியே விடும் மூச்சிலும் ஆக்ஸிஜன் இருக்கும் என்பதை மறந்துவிட்டான். வெடித்துவிடுகிறது. குரூசோவைக் கடவுள் தண்டித்தார், வாட்னியை அவன் மூச்சே தண்டிக்கிறது.

இந்தப் புத்தகத்திலேயே விகற்பம் விழாமல் போன இடமும் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் அவனைத் தனியாளாக்குவது ஒரு பயங்கரப் புயல். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அங்கே எவ்வளவு வேகக் காற்று அடித்தாலும் ராக்கெட்டைச் சாய்க்கும் வலு அதற்கு வராது. வெயருக்கே இது தெரியும், ஒப்புக்கொண்டும் இருக்கிறார். கடற்கதையில் கப்பலை உடைக்கப் புயல்தான் வரும் என்ற பழைய வழக்கம் அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. நாவலின் மற்ற பகுதிகள் அவ்வளவு கறாராக இருப்பதால் இது கொஞ்சம் உறுத்தும். படிப்பதை நிறுத்தும் அளவுக்கு இல்லை.

பெயின்ட் அடித்த கதைகள்

எல்லாமே இப்படி அமைந்துவிடுவதில்லை. 1950 அக்டோபரில் வந்த 'கேலக்ஸி' பத்திரிகையின் முதல் இதழ், தன் பின்னட்டையில் இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டது. ஒன்று கௌபாய் கதை, குதிரையில் பாய்ந்து வருகிறான் ஒருவன். மற்றது விண்வெளிக் கதை, ராக்கெட்டில் பாய்ந்து வருகிறான் அதே ஒருவன். பெயர் இரண்டிலும் பாட் டர்ஸ்டன்தான். துப்பாக்கிக்குப் பதில் கதிர்த்துப்பாக்கி, கணவாய்க்குப் பதில் வேற்றுக்கிரகம், மற்றபடி வாக்கியத்துக்கு வாக்கியம் ஒன்றே. இந்த மாதிரிச் சரக்கு எங்களிடம் வராது என்று கீழே அறிவிப்பு. ஆறு வருடம் கழித்து பெஸ்டரின் நாவலைத் தொடராக வெளியிட்டதும் இதே பத்திரிகைதான். பழைய கதையை எடுப்பதில் அவர்களுக்கு ஆட்சேபணை இருந்ததில்லை, வெறும் பெயின்ட் வேலையில்தான் ஆட்சேபணை.

கையில் இருக்கும் நாவல் எந்த ரகம் என்று சோதிக்கச் சுலபமான வழி உண்டு. விண்கலத்தை மனத்தில் பாய்மரக் கப்பலாக்குங்கள், லேசரை வாளாக்குங்கள், கிரகத்தைத் தீவாக்குங்கள். கதை ஒரு கீறலும் இல்லாமல் நடந்தால் அது பெயின்ட். எங்காவது முட்டிக்கொண்டு நின்றால், நிற்கும் இடம்தான் எழுத்தாளர் உழைத்த இடம். ஜாண்ட் இல்லாமல் அந்த இருட்டுச் சிறைக்குத் தேவையே இல்லை, அங்கே முட்டும்.

நடுவில் ஒரு விசித்திர ரகம் உண்டு. டேவிட் வெபரின் ஹானர் ஹாரிங்டன் நாவல்கள் (முதலாவது 1993) சி. எஸ். ஃபாரெஸ்டரின் ஹொரேஷியோ ஹார்ன்ப்ளோயர் கடற்படைக் கதைகளின் பரம்பரை. முதலெழுத்துகளைப் பார்த்தாலே தெரியும். பாய்மரப் போரின் அழகு, கப்பல்கள் பக்கவாட்டில் நின்று பீரங்கி வரிசையால் அடித்துக்கொள்வது. விண்வெளியில் அப்படி நிற்க ஒரு காரணமும் இல்லை. எனவே வெபர் இயற்பியலையே வளைத்துவிடுகிறார். அவருடைய கப்பலின் மேலும் கீழும் உந்துவிசைப் பட்டைகள். அவற்றை எந்த ஆயுதமும் துளைக்காது. பக்கவாட்டுக் கவசம் கொஞ்சம் பலவீனம், முன்னும் பின்னும் திறப்பு. ஆகவே பக்கவாட்டில்தான் அடித்துக்கொள்ள முடியும், மூக்கைக் காட்டியவன் தொலைந்தான். முடிவை வைத்துக்கொண்டு காரணத்தைத் தைத்த வேலை இது. தையல் நன்றாக இருக்கிறது, உலகம் ஒட்டுத்துணியாகத் தெரியவில்லை. ஆனாலும் பெஸ்டரின் வேலைக்கு இது எதிர்த்திசை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் விதியை வைத்துவிட்டுக் கதை எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார். இவர் கதைக்காக விதியைச் செய்தார்.

தீவுக்காரர்கள் எங்கே போனார்கள்?

பழைய சாகசக் கதைகளில் நாம் சங்கடத்தோடு கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. தீவில், காட்டில், மலையில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த மனிதர்கள். குரூசோவின் கதையில் வரும் ஃப்ரைடேக்கு அந்தப் பெயரே குரூசோ வைத்தது. முதலில் கற்றுக்கொடுக்கும் சொற்களில் ஒன்று 'எஜமான்'. தீவு கிரகமாகும்போது இந்த மனிதர்கள் வேற்றுக்கிரகவாசிகள் ஆகிறார்கள். தோலின் நிறம் பச்சையாகிவிடுவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மறுபுனைவு கெட்டுப்போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். புயல் தப்பானதைவிட இது பெரிய தப்பு.

ராபர்ட் சில்வர்பெர்க் இதை நேரடியாகக் கையில் எடுத்தார். ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' (1899) ஆப்பிரிக்க ஆற்றில் மேலேறிப் போகும் ஐரோப்பியனின் கதை. அதில் ஆப்பிரிக்கர்கள் பெரும்பாலும் பின்னணிதான். சில்வர்பெர்கின் 'டவுன்வர்ட் டு தி எர்த்' (1970) நாவலில் பயணம் போகிறவன் கண்டர்சன், அந்தக் கிரகத்தின் முன்னாள் காலனி அதிகாரி. கிரகத்துக்கு விடுதலை கொடுத்தாகிவிட்டது. அங்கே வாழும் நில்டோரோர், யானையைப் போன்ற அறிவுள்ள ஜீவன்கள். அவர்களை அவன் ஒரு காலத்தில் சுமை தூக்க வைத்திருந்தான். இப்போது மன்னிப்புத் தேடி வருகிறான். உள்ளே போக அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கான்ராடின் கதையில் வரும் கர்ட்ஸின் பெயரிலேயே ஒரு ஆளும் உண்டு, ஒளிவுமறைவு இல்லை. இங்கே விகற்பம் தொழில்நுட்பத்தில் இல்லை, யார் யாரிடம் அனுமதி கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ருட்யார்ட் கிப்ளிங்கின் 'கிம்' (1901) நமக்கு இன்னும் நெருக்கம். லாகூர் தெருவில் திரியும் அனாதைப் பையன், பிரிட்டிஷ் உளவு வேலைக்கு இழுக்கப்படுகிறான். குதிரை வியாபாரி மஹ்பூப் அலி அவனிடம் கொடுத்தனுப்பும் செய்தி, ஒரு வெள்ளைக் குதிரையின் வம்சாவளி பற்றிய பேச்சுக்குள் ஒளிந்திருக்கும். ராபர்ட் ஹைன்லைனின் 'சிட்டிசன் ஆஃப் தி கேலக்ஸி' (1957) இந்தப் பையனை எடுத்து அடிமைச் சந்தையில் நிறுத்துகிறது. தார்பி என்ற பையனை வாங்குகிறவர் பாஸ்லிம் என்ற முடவர், வெளிப்பார்வைக்குப் பிச்சைக்காரர், உள்ளுக்குள் அடிமை வியாபாரத்தை வேவு பார்ப்பவர். குதிரை வம்சாவளிக்குப் பதில் இங்கே பையனின் மனமே ஓலை. அறிதுயிலில் ஆழ்த்தி, அவனுக்கே புரியாத மொழியில் செய்தியைப் பதிய வைக்கிறார். சித்திரவதை செய்தாலும் அவனால் அர்த்தம் சொல்ல முடியாது. ஓலையை ஏன் ஆள் கொண்டுபோக வேண்டும் என்ற கேள்விக்கு இது முதல்தரமான பதில். அந்தச் சந்தை இருக்கும் நகரத்தின் பெயர் ஜப்பல்பூர்! நம் மத்தியப் பிரதேசத்து ஜபல்பூரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல். கிப்ளிங்கின் சாம்ராஜ்யத்தில் அடிமை வியாபாரத்தை வைத்துப் பார்த்ததில் ஹைன்லைனுக்கு நோக்கம் இருந்ததா, வெறும் பெயர் மோகமா என்பதை வாசிப்பவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

சைனா மியேவிலின் 'ரெயில்ஸீ' (2012) போன்றவற்றை நன்னூல் கணக்கில் சார்புநூல் என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு பக்கம் ஒத்து மறுபக்கம் விலகிப்போகும் ரகம். கடலுக்குப் பதில் முடிவே இல்லாத தண்டவாளப் பரப்பு, திமிங்கிலத்துக்குப் பதில் மண்ணுக்கடியில் நீந்தும் ராட்சத அகழெலி. ஒரு கேப்டன் ஒரே திமிங்கிலத்தை வெறியோடு துரத்தும் ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' (1851) வாசம் முதல் பக்கத்திலேயே அடிக்கும். ஆனால் இங்கே ஒவ்வொரு கேப்டனுக்கும் துரத்த ஒரு தனி மிருகம் இருக்கிறது, அதை அவர்கள் தங்கள் 'தத்துவம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மெல்வில்லைப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். படிக்காதவர்களுக்கு எலி வேட்டையாகவே நன்றாக ஓடும்.

முதலில் எதை வாங்குவது

பெஸ்டரிலிருந்து தொடங்குவதுதான் சரி. இருநூற்றைம்பது பக்கத்தைச் சுற்றி முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இதே நாவல் இங்கிலாந்தில் 'டைகர்! டைகர்!' என்ற பெயரில் வந்தது. பழைய புத்தகக் கடையில் இரண்டு பெயரையும் பார்த்து இரண்டையும் வாங்கி வருகிறவர்கள் உண்டு. டூமாவை அதற்குப் பிறகு படித்தாலும் சுவை கெடாது. அதை வாங்கும்போது மட்டும் அட்டையில் 'சுருக்கப்பட்டது' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழு நாவல் ஆயிரம் பக்கத்துக்கு மேல். முந்நூறு பக்கத்தில் கிடைப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கான சுருக்கம், அதில் டான்டெஸின் பொறுமை காணாமல் போய்விடும். விலை மலிவான முழுப் பதிப்புகளில் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பின் மறுஅச்சு. அந்தக் காலத்துக் கூச்சத்தில் சில பகுதிகளை மழுப்பியிருப்பார்கள். பெங்குவினில் ராபின் பஸ் மொழிபெயர்த்தது கிடைத்தால் அதை எடுங்கள்.

குரூசோவையும் 'தி மார்ஷியன்' நாவலையும் சேர்த்துப் படிக்கிறவர்கள், முதலில் வெயரைப் படித்துவிட்டுக் குரூசோவின் முதல் பாதியைப் படித்தால் போதும். பின்பாதி வேறு கதை, வேறு சங்கடங்கள். ஹைன்லைனுக்கு முன் 'கிம்' கட்டாயம் இல்லை, ஆனால் முதல் ஐந்து அத்தியாயம் தெரிந்திருந்தால் பாஸ்லிம் வரும்போதெல்லாம் பின்னால் ஒரு நிழல் தெரியும்.

எழுதிப் பார்க்க ஆசை இருக்கிறவர்கள் வந்தியத்தேவனிடமே திரும்பலாம். ஓலைக்குப் பதில் கண்டுபிடித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பனை முத்திரை மோதிரம் வரும். தஞ்சைக் கோட்டைக் கதவைத் திறக்க நந்தினி கொடுத்தது. உடனே கைக்கு வரும் யோசனை, கடவுச்சொல் அல்லது ஓடிபி. அதைப் போட்டால் கதை அங்கேயே படுத்துவிடும், ஏனென்றால் ஆறு இலக்கத்தை யார் கொடுத்தார்கள் என்று கோட்டைக் காவலனுக்குத் தெரியாது. மோதிரத்தைப் பார்த்தால் தெரியும். கதவையும் திறந்து, கொடுத்தவர் யாரென்ற சந்தேகத்தையும் சின்னப் பழுவேட்டரையரின் மனத்தில் விதைக்கும் பொருள் ஒன்று வேண்டும், விண்கல நிலையத்தின் நுழைவாயிலில், கேமராக்களுக்கு நடுவில்.